தேதி மட்டும் சொல்லுங்கள்

ஆய்வு உதவித்தொகைக் கோப்புகளைக் கவனிக்கும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். உங்கள் துறையின் பெயரை மேலே எழுதவில்லை. எழுதினால் என் கோப்பு இன்னும் அடியில் போய்விடும் என்று ஆய்வகத்தில் மூத்தவர்கள் எச்சரித்தார்கள். எந்தத் தொகை, எப்போதிலிருந்து நிலுவை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். மழைக்காலத்தில் வர வேண்டிய பணம் ஐபிஎல் தொடங்கியும் வரவில்லை.

சென்ற வாரம் உங்கள் அலுவலகத்தில் ஒருவர் போனை எடுத்தார். எடுத்ததே பெரிய விஷயம். "ஃபண்டு வரலைம்மா, வந்தா போட்டுருவோம். அதுவரைக்கும் டியூஷன் ஏதாவது எடுத்துச் சமாளிக்கக் கூடாதா?" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் ஐயா, நான் முழுநேர ஆய்வாளர், வேறு எந்த ஊதியமும் பெற மாட்டேன் என்று சேரும்போதே எழுதி வாங்கிக்கொண்டது நீங்கள்தானே? வெளியே சம்பாதிக்கவும் கூடாது, உள்ளே வர வேண்டியதும் வராது என்றால், இடைப்பட்ட மாதங்களை எப்படி ஓட்டுவது என்று ஒரு சுற்றறிக்கையாவது அனுப்பியிருக்கலாம்.

எங்கள் விடுதி மெஸ்ஸில் பாக்கிப் பட்டியல் ஒட்டுவார்கள். பெயர், அறை எண், தொகை. அதில் பாதிக்கு மேல் பிஎச்டி ஸ்காலர்கள். அந்தச் சுவரை ஒட்டித்தான் மேட்ச் பார்க்கத் திரை கட்டியிருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு இளங்கலைப் பிள்ளைகள் விசிலடித்துக்கொண்டிருக்க, அதற்குப் பக்கத்தில் எங்கள் பெயர்கள் தொங்கும். என் ஜூனியர் ஒருத்தி, அப்பா தறி ஓட்டுபவர், இப்போதெல்லாம் கூட்டம் கலைந்த பிறகுதான் சாப்பிட வருகிறாள். குழம்பு தீர்ந்து ரசம்தான் மிச்சமிருக்கும். கேட்டால், "பிசிஆர் ஓடிக்கிட்டிருந்துச்சுக்கா" என்கிறாள். டிஎன்ஏவை நகலெடுக்கும் அந்த பிசிஆர் மெஷின் எங்களிடம் இருப்பதே ஒன்று, அதுவும் பழுதாகி, துணி போர்த்திக் கிடப்பது எனக்குத் தெரியாதா?

தவறாக நினைக்க வேண்டாம், நானும் மேட்ச் பார்ப்பவள்தான். ரிஷப் பந்த் 2024 நவம்பர் ஐபிஎல் ஏலத்தில் 27 கோடிக்குப் போனபோது நாங்களும் கைதட்டினோம். பிறகுதான் யாரோ கணக்குப் போட்டார்கள்: அந்தப் பணத்தில் 600 இளநிலை ஆய்வாளர்களுக்கு ஓராண்டு முழுக்க உதவித்தொகை தரலாமாம். இந்தக் கணக்கில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. அது டிக்கெட் வாங்குகிறவர்களும் விளம்பரக்காரர்களும் தரும் பணம். ஐந்து ஆண்டு ஒளிபரப்பு உரிமையை 48,390 கோடிக்கு வாங்க ஆள் இருக்கும்போது ஆட்டக்காரருக்குக் கோடிகள் போகத்தான் செய்யும். விளையாட்டு என்றாலே பணம் என்பதும் பொய். மாவட்டப் போட்டிக்கு ஸ்பைக்ஸ் ஷூ வாங்க முடியாமல் நின்றுபோனவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

என்னை உறுத்தியது வேறு. மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம் ஆடும் பையனுக்கு ஆடும் லெவனில் இடம் கிடைத்தால் ஒரு நாளைக்கு 40,000 ரூபாய். எங்களுக்கு ஒரு மாதத்துக்கு 37,000. அதுவும் 31,000ஆக இருந்தது. நாடு முழுக்க ஸ்காலர்கள் பதாகை பிடித்து உட்கார்ந்த பிறகு, 2023 ஜூனில் ஏற்றித் தந்தீர்கள். நன்றி. ஏற்றிய தொகையை மாதாமாதம் தரவும் ஏற்பாடு செய்திருக்கலாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

மக்களுக்கு அறிவியல் மேல் மதிப்பில்லை என்று சிலர் சொல்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை இதே மெஸ் திரையில்தான் சந்திரயான் 3 இறங்கியதைப் பார்த்தோம். எந்த இறுதிப் போட்டிக்கும் குறையாத கூச்சல். அந்தத் திட்டத்தின் இயக்குநர், விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் பெயர் ஒரே இரவில் வீட்டுக்கு வீடு தெரிந்தது. தமிழ்நாட்டு அரசு ஒன்பது விஞ்ஞானிகளுக்குத் தலா 25 லட்சம் கொடுத்தது; அவர் தன் பங்கைப் படித்த கல்லூரிகளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஜெயித்த பிறகு மாலை போட இந்த நாட்டில் ஆள் பஞ்சம் கிடையாது. ஜெயிப்பதற்கு முன்னால் இருக்கும் பத்துப் பதினைந்து வருஷத்துக்குத்தான் பட்ஜெட்டில் தலைப்பு கிடைப்பதில்லை.

இன்னொரு வேடிக்கை. இந்தியக் கிரிக்கெட் வாரியமான பிசிசிஐ என்பது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான ஒரு சங்கம். எங்கள் தெரு நலச் சங்கமும் அதே சட்டத்தில்தான் பதிவு. ஐபிஎல் நடத்தினாலும் அதன் நோக்கம் கிரிக்கெட்டை வளர்ப்பதுதான் என்று 2021இல் வருமான வரித் தீர்ப்பாயமே ஒப்புக்கொண்டது. நல்லது. எங்கள் நோக்கம் என்னவென்று மட்டும் யாருக்கும் புரியவில்லை போலிருக்கிறது. பொது ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு மட்டும் என்றிருந்த சலுகை 2022 ஜூலையில் போனது. 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக ரசாயனங்களின் சுங்க வரி 10 விழுக்காட்டிலிருந்து 150 ஆனது. ஆய்வாளர்கள் அலறிய பிறகு சில நாளில் இறக்கினார்கள். செல் வளர்க்க ஒரு பாட்டில் சீரம் வாங்கினாலே ஆய்வுச் செலவுக்கென்று தரும் எங்கள் ஆண்டுக் கன்டின்ஜென்சி தொகை காலி, அதில் 150 விழுக்காடு வரி! மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆய்வுக்குப் போவது 0.64 விழுக்காடு என்று அரசின் புள்ளிவிவரமே சொல்கிறது. புதிய ஆய்வு அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி என்று 2023இல் அறிவித்தார்கள், அதிலும் 36,000 கோடி தனியாரிடமிருந்து வருமாம். வந்தால் எங்களுக்கும் சொல்லியனுப்புங்கள்.

மன்னிக்கவும். வரி விஷயமெல்லாம் உங்கள் மேசைக்கு வருவதில்லை, உங்களிடம் அதைக் கொட்டுவது முறையல்ல. உங்கள் மேசையில் இருப்பது சின்ன வேலை. மாதம் பிறந்ததும் எங்கள் நிறுவனத்தில் 'மேக்கர்' எனப்படும் ஊழியர் எங்கள் விவரங்களைப் போர்ட்டலில் ஏற்றுகிறார், அதைச் சரிபார்க்கும் 'செக்கர்' ஒப்புதல் தருகிறார், கைடு கையெழுத்தும் வருகைப் பதிவும் தவறாமல் போகின்றன. அதற்கு அப்புறம் போர்ட்டலில் 'பரிசீலனையில் உள்ளது' என்ற வரி மட்டும் நிற்கிறது. ஆதார் இணைப்பு சரியில்லை என்றீர்கள், சரிசெய்தோம். வங்கிக் கிளையின் குறியீடு மாறியது என்றீர்கள், அதையும் மாற்றினோம்.

ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நிலுவையை ஒரே தவணையில் விடுவியுங்கள். இனி மாதந்தோறும் ஐந்தாம் தேதிக்குள், உங்கள் சம்பளம் வரும் ஒழுங்கோடு, எங்கள் தொகையும் வர வழிசெய்யுங்கள். முடியாத மாதங்களில், முழுநேர ஆய்வாளர் என்ற அந்த உறுதிமொழியிலிருந்தாவது எங்களை விடுவித்துவிடுங்கள், டியூஷன் எடுத்துக்கொள்கிறோம்.

இந்த மடலுக்குப் பதில் போடுவதாக இருந்தால், தயவுசெய்து 'பரிசீலனையில் உள்ளது' என்று மட்டும் எழுத வேண்டாம். ஒரு தேதி எழுதுங்கள். மெஸ் பொறுப்பாளரிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ஒரு முழுநேர ஆய்வு மாணவி