தோற்ற ஆட்டங்களை அனுப்பியதற்கு நன்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் நீ எழுதி அனுப்பிய செஸ் ஆட்டங்களும் வந்து சேர்ந்தன. மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மகள் வேலை மாறப் போகிறாள், வீட்டில் பேச்சு முழுக்க அதுதான். சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வயதில் செஸ் உனக்கு ஏறாது, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். ஆனால் ஜெயித்த ஆட்டம் ஒன்றைக்கூட அனுப்பாமல் தோற்றவற்றை மட்டும் பொறுக்கி அனுப்பியிருக்கிறாய். விடப் போகிறவன் செய்கிற வேலையா இது?

எல்லாவற்றையும் பலகையில் வைத்து ஆடிப் பார்த்தேன். முதலில் அந்த நாலு மூவ் ஆட்டம். அதை அனுப்பவே கூச்சமாக இருந்தது என்கிறாய். செஸ் பழகியவர்களில் அதில் ஒருமுறையாவது விழாதவர்கள் குறைவு. எதிராளி வெள்ளை, நீ கறுப்பு. காய் போய் நின்ற கட்டத்தின் பெயரோடு, மாறி மாறி: இ4, இ5, மந்திரி சி4, குதிரை சி6, ராணி எச்5. இங்கே நீ குதிரையை எஃப்6இல் வைத்தாய். அடுத்த மூவில் ராணி எஃப்7 சிப்பாயை வெட்ட, செக்மேட். உன் குதிரை மூவுக்குப் பக்கத்தில் ‘ராணியை விரட்ட’ என்று குறித்திருக்கிறாய் பார், அதுதான் எனக்கு ஆட்டத்தைவிட முக்கியமாகப் பட்டது. ராணி எதற்கு அங்கே வந்தாள் என்று கேட்பதற்குள் விரட்டக் கிளம்பிவிட்டாய். எஃப்7 சிப்பாய்க்கு ஆரம்பத்தில் ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. மந்திரியும் ராணியும் சேர்ந்து அதையே குறிவைத்து நின்றன. ஜி6 ஆடியிருந்தால் ராணி அங்கிருந்து கிளம்பித்தான் ஆக வேண்டும். அவள் எஃப்3க்குப் போய் மறுபடியும் அதே இடத்தை மிரட்டுவாள். அப்போது குதிரை எஃப்6. நீ ஆடிய அதே மூவ்தான், ஒரு மூவ் பொறுத்து ஆடினால் அருமையான மூவ்.

எதிராளி ஆடியதும் ‘இது என்ன செய்யப் பார்க்கிறது?’ என்று கேட்காமல் காயைத் தொடாதே. பெரிய ஆட்டக்காரர்களுக்கே இது தவறிப்போகும். 2006இல் பான் நகரில் டீப் ஃப்ரிட்ஸ் என்ற கணினி நிரலோடு ஆடியபோது, அன்றைய உலக சாம்பியன் கிராம்னிக் ஒரே மூவில் விழ இருந்த செக்மேட்டைக் கவனிக்காமல் ராணியை வேறு பக்கம் கொண்டுபோனார். அவருக்கு அது அபூர்வம், நமக்கு வாராவாரம். அவ்வளவுதான் வித்தியாசம்.

மற்ற ஆட்டங்களில் தெரிவது வேறு. பாதிக்கு மேற்பட்டவற்றில் நடு ஆட்டம்வரை உன் கைதான் ஓங்கியிருக்கிறது. ஒன்றில் ஒரு யானையே உனக்கு அதிகம்! அப்புறம் என்ன ஆகிறது? காய் கூடியதும் எதிராளியின் மூவைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறாய். பலகையின் ஓரத்தில் கிடக்கும் ஒரு சிப்பாயை வெட்ட ராணியை அனுப்புகிறாய். ராஜாவோ காஸ்லிங் முடித்து, அதாவது யானையோடு இடம் மாறி ஓரத்துக்குப் போய், மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்டு நிற்கிறார். எதிராளியின் யானை கடைசி வரிசைக்கு வந்ததும் கதை முடிந்தது. எச் சிப்பாயை முன்னமே ஒரு கட்டம் தள்ளியிருந்தால் ராஜாவுக்குத் தப்ப வழி இருந்திருக்கும். அதைவிட, காய் அதிகமாக இருக்கும்போது காய்க்குக் காய் மாற்றிக்கொண்டே போ. பலகை காலியாகக் காலியாக உன் கூடுதல் யானைக்கு மதிப்பு ஏறும், எதிராளிக்கு மிரட்ட ஆள் இருக்காது.

ஆகவே ஓப்பனிங், அதாவது ஆரம்ப மூவ்களைச் சொல்லித்தரும் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். நீ அனுப்பியவற்றில் ஓப்பனிங்கில் தோற்றது அந்த நாலு மூவ் ஆட்டம் மட்டும்தான்.

ஆட்டம் முடிந்த கையோடு, ஆட்டத்தை அலசும் கணினி நிரலான என்ஜினைத் திறக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. லிச்செஸ் என்ற செஸ் தளத்தில் அலசல் இலவசம்தான், தவறான மூவையெல்லாம் அடையாளம் போட்டுக் காட்டும்தான். 18ஆவது மூவ் தப்பு என்று அது சொல்லும். நீ அதை ஏன் ஆடினாய் என்று அதற்குத் தெரியாது. உனக்குத் தெரியும், அதுவும் அன்றைக்கு மட்டும்தான், மறுநாள் மறந்துவிடும். எந்த இடத்தில் ஆட்டம் கை நழுவியது என்று முதலில் நீயே குறி, அப்போது என்ன நினைத்தாய் என்பதையும் பக்கத்தில் எழுது. பிறகு என்ஜினைக் கேள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் சரக்கு இருக்கிறது. பெரும்பாலும் உன் குறி பிந்தியிருக்கும். மேட் விழுந்த மூவை நீ குறித்திருப்பாய், ஆட்டம் அதற்கு ஐந்தாறு மூவ் முன்பே கெட்டிருக்கும். மூன்று நிமிட பிளிட்ஸ் என்ற வேக ஆட்டத்தில் இதெல்லாம் நடக்காது, நினைத்தது என்று எழுத அங்கே ஒன்றும் இருக்காது. 15 நிமிடம், மூவுக்கு 10 விநாடி கூடுதல் என்று வைத்துக்கொண்டு ஆடு.

வயதைச் சொன்னாயே, அதற்கும் ஒன்று. சோவியத் ஆட்டக்காரர் போட்வின்னிக் 1957இல் உலகப் பட்டத்தை ஸ்மிஸ்லோவிடம் இழந்து மறு வருடமே மீட்டார். 1960இல் 23 வயது தால் அவரைத் தூக்கிப் போட்டார். மனிதர் உட்கார்ந்து தாலின் ஆட்டத்தை அலசினார். எங்கும் தாக்குதலாகவே ஆடுகிறவனை, காய்கள் குறைந்த, அமைதியான நிலைகளுக்கு இழுக்க வேண்டும் என்று முடிவு செய்தார். 1961இல் 13-8 என்று பட்டம் திரும்பி வந்தது. அப்போது அவருக்கு 49 வயது. தாலுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இருந்தாலும் அந்தத் தயாரிப்பு லேசானதல்ல.

கடைசியாக, நீ கைவிட்ட அந்த நீண்ட ஆட்டம். எதிராளியிடம் ஒரு மந்திரியும் எச் வரிசைச் சிப்பாயும், உன்னிடம் வெறும் ராஜா. இனி என்ன இருக்கிறது என்று ரிசைன் செய்துவிட்டாய். ஆனால் அவருடைய மந்திரி வெள்ளைக் கட்டத்தில் ஓடுவது, சிப்பாய் ராணியாக வேண்டிய எச்8 கறுப்புக் கட்டம். உன் ராஜா அந்த மூலைக்குப் போய் உட்கார்ந்துவிட்டால் அந்த மந்திரியால் அவரைக் கிளப்பவே முடியாது. நெருக்கினால் ஸ்டேல்மேட், அதாவது செக் இல்லாமலே உனக்கு நகர இடமில்லாமல் ஆட்டம் சமன்; நெருக்காவிட்டால் மூலைக்கும் பக்கத்துக் கட்டத்துக்குமாக நீ நடந்துகொண்டே இருக்கலாம். டிரா. உன் ராஜா மூலையிலிருந்து இரண்டே கட்டம் தள்ளி நின்றார், மூவும் உன்னுடையது. பலகையில் வைத்து, வெள்ளைப் பக்கம் உட்கார்ந்து நீயே ஜெயிக்கப் பார். வழி கிடைத்தால் எழுது.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்