பொயின்ட்ஸ் டிக்கெட்டை முகம் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி கண்ணில் படுகிற ஒரு விளம்பரத்தைப் பற்றி எழுதுகிறேன். லண்டன், டொரொன்டோ, சிட்னி, எந்த ஊருக்கென்றாலும் பாதி விலையில் டிக்கெட், காசை வங்கியில் போட்டுவிட்டுப் பாஸ்போர்ட் படத்தை அனுப்பினால் போதும் என்பார்கள். எப்படி இவ்வளவு மலிவு என்று கேட்டால் “அது மைல்ஸ் டிக்கெட், பயப்படாதீங்கோ” என்று பதில் வரும். மைல்ஸ், பொயின்ட்ஸ் என்பது விமான நிறுவனங்கள் வாடிக்கையாளரின் கணக்கில் சேர்த்து வைக்கிற புள்ளிகள், காசுக்குப் பதில் அவற்றைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். சில நேரம் எல்லாமே பொய்யாக இருக்கும். ஆனால் பல நேரம் அது மெய்யான டிக்கெட்தான், விமான நிறுவனத்தின் இணையத்தளத்தில் புக்கிங் இலக்கத்தைப் போட்டால் உங்கள் பெயர் வரத்தான் செய்யும், அதைப் பார்த்துத்தான் சனம் நம்புகிறது. அந்த மைல்ஸ் யாருடையது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பறந்து சேர்த்ததோ கிரெடிட் கார்டில் செலவழித்துச் சேர்த்ததோ, இந்தப் புள்ளிகளைக் காசுக்கு விற்கக் கூடாது என்பது ஏறக்குறைய எல்லா விமான நிறுவனங்களின் விதியிலும் இருக்கிறது. விற்றது தெரியவந்தால் டிக்கெட்டை ரத்துச் செய்வார்கள், கணக்கையும் மூடிவிடுவார்கள். விற்றவருக்குப் போவது ஒரு கணக்கு, அவருக்கு அது பெரிய விஷயமில்லை. பெட்டியெல்லாம் கட்டிக்கொண்டு கட்டுநாயக்கவில் கவுண்டருக்கு முன்னால் நிற்கப்போவது நீங்கள். இதைவிட மோசமானது களவெடுத்த மைல்ஸ். யாரோ ஒருவருடைய கடவுச்சொல்லைத் திருடி, அவர் வருடக்கணக்கில் சேர்த்து வைத்ததை வழித்தெடுத்து உங்களுக்கு டிக்கெட் போட்டுத் தருவார்கள். உரியவர் கண்டுபிடிப்பதற்குள் நீங்கள் பறந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் “டிக்கெட் கடைசி ஒன்றிரண்டு நாளில்தான் கைக்கு வரும்” என்கிறார்கள். சரி, போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம், திரும்பி வருகிற டிக்கெட் அதற்குள் ரத்தானால் அங்கே புது டிக்கெட்டை முழு விலைக்கு வாங்கவேண்டியதுதான்.

இத்தனைக்கும் நம்மில் பாதிப் பேருக்கு இந்த ஆட்களிடம் போகவேண்டிய தேவையே இல்லை. மகன் கனடாவில், தங்கச்சி லண்டனில், மருமகன் டுபாயில், அவர்களுடைய கணக்குகளில் புள்ளிகள் சும்மா கிடக்கின்றன, பல திட்டங்களில் குறிப்பிட்ட காலம் கழிந்தால் காலாவதியும் ஆகிவிடும். அவர்களிடம் கேட்டால் “அது என்ர பேரில இருக்கு, நான்தான் பாவிக்கலாம்” என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், அல்லது உங்கள் பெயரில் ஒரு கணக்குத் திறந்து அதற்குப் புள்ளிகளை மாற்றப் பார்ப்பார்கள். இரண்டுமே வேண்டாம். மாற்றுவதற்குப் பல நிறுவனங்கள் கட்டணம் அறவிடுகின்றன, சில நேரம் அந்தக் கட்டணத்தைக் கணக்குப் பார்த்தால் டிக்கெட்டையே வாங்கியிருக்கலாம் போல இருக்கும். புள்ளி அவருடைய கணக்கிலேயே இருக்கட்டும். அவர் தன் கணக்குக்குள் போய், பயணி என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டால் வேலை முடிந்தது.

எல்லா நிறுவனமும் ஒரே மாதிரி இல்லை. எயார் கனடாவின் ஏரோபிளான் புள்ளிகளில் யாருக்கும் டிக்கெட் போடலாம், உறவாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. சிங்கப்பூர் எயார்லைன்ஸின் கிறிஸ்ஃபிளையரில் முதலில் பெயர் பதியவேண்டும், அதுவும் 5 பேருக்குத்தான் இடம், அதனால் மைத்துனருடைய நண்பருக்கெல்லாம் ஓர் இடத்தை வீணாக்காதீர்கள். பிரிட்டிஷ் எயார்வேஸில் தனியாள் கணக்கென்றால் யாருக்கும் போடலாம், ஆனால் வீட்டார் எல்லாரும் சேர்ந்த குடும்பக் கணக்கென்றால் அந்தக் கணக்கிலும் அதில் பதிந்து வைத்த பட்டியலிலும் இருப்பவர்களுக்கு மட்டும்தான். இன்னொன்று, நம்முடைய ஸ்ரீலங்கன் 2014இலிருந்து ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருக்கிறது. அதனால் அதே கூட்டணியில் இருக்கிற பிரிட்டிஷ் எயார்வேஸ், குவான்டாஸ் புள்ளிகளில் ஸ்ரீலங்கன் விமானத்திலேயே ஆசனம் தேடலாம், கிடைக்கிற நாட்கள்தான் குறைவு. டொரொன்டோவுக்கு இங்கிருந்து நேரடி விமானம் கிடையாது, ஆனால் ஏரோபிளான் புள்ளியில் எதிஹாட்டில் அபுதாபி வழியாகப் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது.

இனிப் பெயர் விஷயம், கரைச்சல் பெரும்பாலும் இதில்தான் வரும். அங்கே இருக்கிற பிள்ளை அம்மாவின் பெயரை ஞாபகத்திலிருந்து அடிப்பார். அப்பாவின் பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா, முதலெழுத்து மட்டும் போதுமா, கடைசியில் ஓர் ‘எச்’ உண்டா இல்லையா என்பதெல்லாம் ஊகம். பாஸ்போர்ட்டில் படம் இருக்கிற பக்கத்தின் அடியில் அம்புக்குறி அம்புக்குறியாக இரண்டு வரி இருக்கும், பாருங்கள். மேல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்குப் பிறகு குடும்பப் பெயர், அப்புறம் இரண்டு அம்புக்குறி, அதன் பின் மற்றப் பெயர்கள். அந்த ஒழுங்கில்தான் டிக்கெட்டிலும் வரவேண்டும். அந்த வரியில் பெயருக்கு 39 எழுத்துக்கான இடம்தான் உண்டு, நம்முடைய சில பெயர்கள் அதற்குள் அடங்காமல் வெட்டுப்பட்டிருக்கும், அப்படியென்றால் மேலே அச்சிட்ட முழுப்பெயரையும் பார்த்து, நிறுவனத்திடம் கேட்டுவிட்டுப் போடுவது நல்லது. புள்ளி டிக்கெட்டை வேறொருவர் பெயருக்கு மாற்ற விடமாட்டார்கள்.

டிக்கெட் உங்கள் பெயரில் இருந்தாலும் பிடி புள்ளிக்காரர் கையில்தான். ரத்துச் செய்தால் புள்ளிகள் அவருடைய கணக்குக்குத்தான் திரும்பும், திகதி மாற்றவும் அவர்தான் கூப்பிடவேண்டும், விமான நேரம் மாறினால் தகவலும் அவருடைய மின்னஞ்சலுக்குத்தான் போகும். டொரொன்டோ நமக்கு ஒன்பதரை, பத்தரை மணித்தியாலம் பின்னால் இருக்கிற ஊர். இங்கே நீங்கள் காலை விமானத்துக்கு வெளிக்கிடும்போது அவருக்கு முதல்நாள் மாலை, வேலை முடிந்து வந்து பார்த்தால்தான் உண்டு. ஆகவே புக்கிங் இலக்கத்தைக் கேட்டு வாங்கி நீங்களும் அவ்வப்போது போட்டுப் பாருங்கள், தொடர்பு இலக்கத்தில் உங்கள் கைத்தொலைபேசியையும் சேர்க்கச் சொல்லுங்கள், வயதானவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே கேட்கச் சொல்லுங்கள்.

காசு விஷயத்தையும் முதலே கதைத்துவிடவேண்டும். “பொயின்ட்ஸில போட்டுத் தந்தான், ஓசி” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறோம், ஆனால் வரிகளும் சில நிறுவனங்களின் எரிபொருள் மேலதிகக் கட்டணமும் அந்தப் பிள்ளையின் கார்டில் போயிருக்கும். பிரிட்டிஷ் எயார்வேஸில் இது நன்றாகவே கனக்கும், ஏரோபிளான் 2020 கடைசியிலிருந்து இந்த மேலதிகக் கட்டணத்தை வாங்குவதில்லை. லண்டனிலிருந்து புறப்படுகிற பயணத்துக்கு பிரித்தானிய விமானப் பயணி வரியும் உண்டு, சாதாரண வகுப்பில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அது கிடையாது. யார் இதைக் கட்டுவது என்று கேட்பதில் வெட்கமில்லை. மாமாவுக்குப் போட்டுக்கொடுத்து வரியையும் தானே கட்டிய மருமகன் அடுத்த வருடம் போனையே எடுக்காமல் இருப்பதை நம் வீடுகளில் பார்க்கிறோம்தானே.

பேறுகாலத்துக்கு மகளிடம் போகிற அம்மாமாருக்கு ஒன்று. போவதையும் வருவதையும் ஒரே டிக்கெட்டாகப் போடாமல் இரண்டு ஒருவழி டிக்கெட்டாகப் போடச் சொல்லுங்கள், பல திட்டங்களில் புள்ளி கூடுவதில்லை. அங்கே இன்னும் இரண்டு மாதம் நிற்கவேண்டி வந்தால், விசா இடம் கொடுத்தால், வருகிற டிக்கெட்டை மட்டும் ரத்துச் செய்து வேறு நாளுக்குப் போடலாம்.

தங்கள் பத்திரிகை இந்த விதிகளை நிறுவனம் நிறுவனமாகத் தமிழில் ஒரு முறை வெளியிட்டால் உதவியாக இருக்கும். நிறுவனங்களின் கொழும்பு அலுவலகங்களிடம் கேட்டால் தராமலா விடுவார்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர் ஒருவர்