ரப் மெதுவாகச் சார்ஜ் ஏறினால் முதலில் வயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டு, வகுப்புகள் சூமிலும் வட்ஸ்அப்பிலும் நடக்கத் தொடங்கியபோது, யாழ்ப்பாணத்தில் வசதியுள்ளவர்கள் காசு கொடுத்தும் மற்றவர்கள் கனடாவிலோ இலண்டனிலோ உள்ள உறவினரிடம் கேட்டும் பிள்ளைகளுக்கென ஒரு ரப், அதாவது தொடுதிரைப் பலகைக் கணினி, வாங்கி வைத்தார்கள். அந்த ரப்கள் இன்றும் பல வீடுகளில் பாடக் காணொளிகளுக்கும் கடந்தகால வினாத்தாள்களுக்கும் பயன்பட்டு வருகின்றன. அவற்றைப் பற்றி இப்போது அடிக்கடி காதில் விழும் முறைப்பாடு, இரவு முழுவதும் செருகி வைத்தாலும் விடியும்போது பாதிகூட ஏறியிருப்பதில்லை என்பதாகும். திருத்தும் கடைக்குக் கொண்டுபோனால், பெரும்பாலும் திறந்து பார்க்காமலே, "பற்றரி போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்ற பதில் கிடைக்கிறது. அந்தப் பதில் பல வேளைகளில் பிழையானது என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் பேத்தியின் ரப் 7000 மில்லி அம்பியர் மணி கொள்ளளவுள்ள, பத்து அங்குலத் திரை கொண்ட பழைய கருவி. நகரில் ஒரு கடையில் கொடுத்துப் பற்றரியை மாற்றினோம். பணம் போனதே தவிர வேகம் கூடவில்லை. கடைக்காரரைக் குறை சொல்வதைவிட என்னையே நான் நொந்துகொள்ள வேண்டும். முப்பது வருடங்களாகப் பிள்ளைகளுக்கு ஓமின் விதியைப் படிப்பித்துவிட்டு, சொந்த வீட்டில் ஒரு கருவி பழுதானபோது எதையும் அளந்து பார்க்காமல் கடைக்கு ஓடியிருக்கிறேன்.

முதுமையடைந்த பற்றரியின் இயல்பு விரைவாக நிரம்பி விரைவாகத் தீர்ந்துபோவதாகும். தூர் வாராமல் விட்ட கேணியை எண்ணிப் பாருங்கள். சேறு இடத்தை அடைத்துக்கொள்வதால் கொஞ்ச மழையிலேயே அது விளிம்புவரை நிரம்பிவிடும், பத்து வாளி அள்ளினால் வற்றியும் விடும். பற்றரிக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு உள்ள தடை, அதாவது அகத்தடை, கூடும்போது மின்னேற்றத்தின் கடைசிப் பகுதி சற்று இழுபடலாம் என்பது உண்மை. ஆனால் பத்து வீதத்திலிருந்து நாற்பது வீதத்துக்கு ஏறவே ஒரு முழு இரவு எடுக்கிறது, ஏறிய சார்ஜோ வழமைபோல் நின்று பிடிக்கிறது என்றால், கேணியில் குறையில்லை; தண்ணீர் வந்து சேரும் குழாயில்தான் குறை.

எங்கள் வீட்டில் அந்தக் குழாய் வயராக இருந்தது. சார்ஜருக்கும் வயருக்கும் இடையில் செருகி வோல்ற்றையும் அம்பியரையும் காட்டும் சிறிய அளவுமானி ஒன்றை அயலவர் ஒருவரிடம் இரவல் வாங்கி வைத்துப் பார்த்தபோது, 2 அம்பியர் தரக்கூடிய சார்ஜரிலிருந்து ரப்புக்குள் போய்க்கொண்டிருந்தது 0.6 அம்பியர் மட்டுமே. கட்டிலில் படுத்தபடியே பார்க்கலாம் என்று வாங்கிய இரண்டு மீற்றர் நீள வயர் அது. அதன் மேலுறையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தபோது 28 என்ற கம்பி இலக்கம் தெரிந்தது. இந்த இலக்கம் கூடக் கூடக் கம்பி மெல்லியது என்பதைப் பலர் அறியார். 28ஆம் இலக்கச் செப்புக் கம்பிக்கு மீற்றருக்கு ஏறத்தாழ 0.21 ஓம் தடை உண்டு. மின்னோட்டம் போகவும் திரும்பவும் வேண்டியிருப்பதால் இரண்டு மீற்றர் வயரில் அது கடக்கும் தூரம் நான்கு மீற்றர், தடை ஏறத்தாழ 0.85 ஓம். இதன் வழியாக 2 அம்பியர் போவதாயின் 1.7 வோல்ற்று வயரிலேயே விழுந்துவிடும். சார்ஜர் தரும் 5 வோல்ற்றில் மிஞ்சும் 3.3 வோல்ற்றைக் கொண்டு ஏறத்தாழ 4 வோல்ற்றில் நிற்கும் பற்றரியை ஏற்ற முடியாது. ஆகவே, வந்து சேரும் வோல்ற்று ஓர் எல்லைக்குக் கீழே இறங்குவதை உணர்ந்ததும் ரப்பின் மின்னேற்றச் சுற்று தானாகவே ஓட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. 4.5 வோல்ற்றை அந்த எல்லையாக வைத்துக் கணக்குப் பார்த்தால் கிடைக்கும் விடை 0.6 அம்பியருக்கு மிக அருகில் வருகிறது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஐந்து நிமிடத்தில் செய்து முடிக்கும் கணக்கு இது. 24ஆம் இலக்கக் கம்பியுள்ள ஒரு மீற்றர் வயரை மாற்றிப் போட்டதும் அளவுமானி 1.7 அம்பியரைத் தாண்டியது. பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் எடுத்த வேலை ஐந்து மணித்தியாலத்துக்குள் முடிந்தது. கழற்றி எடுத்த பழைய பற்றரி அநேகமாக நல்ல பற்றரிதான்.

வயருக்கு அடுத்ததாகப் பார்க்க வேண்டியது சார்ஜரின் மேலுள்ள பொடி எழுத்தை. பழைய கைபேசிகளோடு வந்த 5 வோல்ற்று 1 அம்பியர் சார்ஜர் தருவது 5 வாற்று. திரையை முழு வெளிச்சத்தில் வைத்துக் காணொளி பார்க்கும் ரப், அதில் பெரும்பங்கை அந்த நேரத்திலேயே தின்றுவிடும். பிள்ளை படித்துக்கொண்டிருக்க வீதம் அசையாமல் நிற்பது இதனால்தான். மடிக்கணினியின் சாதாரண யுஎஸ்பி துளை 0.5 அம்பியரும் அதற்குப் பிந்திய மூன்றாம் தலைமுறைத் துளை 0.9 அம்பியரும் தருவதற்கென வகுக்கப்பட்டவை. அவற்றில் செருகிவிட்டு விடியுமென்று காத்திருப்பதில் பயனில்லை. பழைய ஐபாட் வைத்திருப்போருக்கு இது நன்கு தெரிந்திருக்கும். 2010இல் வந்த முதல் ஐபாடுக்கே 10 வாற்று சார்ஜர் கொடுத்தார்கள். ஐபோனின் 5 வாற்று சார்ஜரில் அது ஆமை வேகத்தில்தான் ஏறும். மறுபுறம், 25 வாற்று சார்ஜர் வாங்கினால் பழைய ரப்பும் பறக்கும் என்று நினைப்பதும் தவறு. தன்னால் உள்வாங்கக்கூடியதற்கு மேல் அது எடுக்காது.

கடைக்காரர்களே பலர் கவனிக்காத இன்னொரு விடயமும் உண்டு. பழைய வகை யுஎஸ்பி வயருக்குள் மின்சாரத்துக்கு இரண்டு கம்பிகளும் தரவுக்கு இரண்டு கம்பிகளும் இருக்கின்றன. பல ரப்கள் அந்தத் தரவுக் கம்பிகளை வைத்தே மறுமுனையில் இருப்பது சார்ஜரா கணினியா என்று அறிகின்றன. வயர் மடங்கி மடங்கித் தரவுக் கம்பிகளில் ஒன்று உள்ளே அறுந்துபோனால், சார்ஜரில் செருகியிருந்தாலும் ரப் அதைக் கணினியென எண்ணி 0.5 அம்பியரோடு நின்றுவிடும். சார்ஜ் அடையாளம் திரையில் தெரிவதால் வயரில் பிழையிருக்குமென்று எவருக்கும் தோன்றாது.

வெளிநாட்டிலிருந்து வந்த தட்டை முள் சார்ஜர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 100 முதல் 240 வோல்ற்று என்று எழுதியிருந்தால் அவை எங்கள் 230 வோல்ற்றுக்கும் பொருந்தும். ஆனால் அவற்றை ஆடிக்கொண்டிருக்கும் மலிவான மாற்றுப் பிளக்கில் செருகும்போது தொடுகை விட்டு விட்டு வருகிறது. பிளக்கில் கை வைத்துப் பார்த்துச் சூடாக இருந்தால் அதை மாற்றிவிடுங்கள்.

வலிகாமத்தில் இருப்பவர்களுக்கு ரப்பின் துளையைத் துப்புரவாக்குவதும் தேவையான வேலை. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் செம்மண் புழுதி புகாத இடமில்லை. அது துணிப்பையின் தும்போடு சேர்ந்து துளையின் அடியில் இறுகி, வயரின் தலையை முழுதாக உள்ளே போகவிடாது. கரையோரங்களில் உப்புக்காற்று உள்ளிருக்கும் தொடுகைத் தகடுகளைப் பச்சை பிடிக்கச் செய்கிறது. ரப்பை முற்றாக நிறுத்திவிட்டு, சீவி மெல்லிதாக்கிய உலர்ந்த தென்னை ஈர்க்கினால் மெதுவாகக் கிளறி எடுத்தாலே பெரும்பாலும் போதும். ஊசியோ சட்டைப்பின்னோ வேண்டாம். தகடுகளை வளைத்துவிட்டால் அதன் பிறகு துளையையே மாற்ற வேண்டி வரும்.

வெப்பமும் வேகத்தைக் குறைக்கும். லிதியம் அயன் பற்றரிகளை 45 பாகை செல்சியசுக்கு மேல் ஏற்றுவது நல்லதல்ல என்பதால், சூடு கூடும்போது ரப் ஓட்டத்தைக் குறைக்கிறது அல்லது நிறுத்துகிறது. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ், தடித்த உறைக்குள், மெத்தையின் மேல் வைத்து ஏற்றினால் வேறென்ன நடக்கும்? உறையைக் கழற்றிச் சீமெந்து நிலத்தில் வைத்துப் பாருங்கள். எண்பது வீதத்துக்குப் பின் வேகம் குறைவது எல்லாப் பற்றரிகளுக்கும் பொதுவானது, அது பழுதல்ல. சில சம்சுங் ரப்களில் பற்றரியைப் பாதுகாக்கும் தெரிவை இயக்கி வைத்தால் 85 வீதத்தோடு நின்றுவிடும். அதைப் பழுதென்று எண்ணிக் கடைக்குப் போனவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

பற்றரியை மாற்றியே தீரவேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. முப்பது வீதத்தில் இருந்த ரப் திடீரென அணைவது, நிரம்பிய சார்ஜ் ஒரு மணித்தியாலத்தில் தீர்வது ஆகியன அதற்கான அறிகுறிகள். திரை ஓரத்தில் மேலெழுந்தாலோ பின்பக்கம் புடைத்தாலோ பற்றரி வீங்கிவிட்டது என்று பொருள். அந்த நேரத்திலேயே சார்ஜரைக் கழற்றிவிட வேண்டும். அழுத்திப் பார்ப்பதும் துளையிடுவதும் தீப்பற்றுவதில் முடியும்.

திருத்தும் கடைகளை நடத்துவோரிடம் நான் கேட்பது, பற்றரிக்கு விலை சொல்வதற்கு முன் அந்தச் சிறிய அளவுமானியைச் செருகி, வாடிக்கையாளரின் சொந்த வயரில் எவ்வளவு, கடையின் நல்ல வயரில் எவ்வளவு என்று அவர் கண்முன்னே காட்டுங்கள் என்பதே. இரண்டு நிமிட வேலை. வயர் விற்போரும் கம்பி இலக்கத்தைக் கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்லலாம். மாநகர சபையும் பிரதேச சபைகளும் கழற்றிய பற்றரிகளை மாதம் ஒரு முறையாவது தனியாகச் சேகரிக்க ஒழுங்கு செய்ய வேண்டும். குப்பை வண்டிக்குள் நசுங்கும் பற்றரி வண்டியையே எரித்துவிடக்கூடும். அதுவரை என் மேசை இலாச்சிக்குள் கிடக்கும் அந்தப் பழைய பற்றரியை எங்கே கொடுப்பதென்று எவராவது இப்பகுதியில் எழுதினால் நன்றியுடையவனாவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
உரும்பிராய்.