சராசரிக் கோடு மறைப்பது யாரை?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பணம் செலுத்தும் செயலிகள் திணறும்போதெல்லாம் ‘சர்வர் டவுன்’ என்றே செய்தி வருகிறது. பெங்களூரில் இந்தக் கோளாறுகளைக் கண்டுபிடிப்பதே என் வேலை. பல சமயம் எந்த சர்வரும் விழுந்திருக்காது. நாம் ஒரு பட்டனைத் தட்டினால் அந்தக் கோரிக்கை பின்னணியில் ஓடும் பத்திருபது சேவைகளை, அதாவது ஆளுக்கொரு வேலை செய்யும் தனித்தனி நிரல்களை, தொட்டுத் திரும்புகிறது. அதில் ஒன்று இழுத்தடித்தாலே போதும். கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: நூற்றில் ஒரு முறை மட்டும் தாமதிக்கும் நூறு சர்வர்களின் பதிலுக்கும் காத்திருக்க வேண்டுமென்றால், 63 சதவீதக் கோரிக்கைகள் தாமதமாகும்.

இருந்தும் பல அலுவலகங்களின் டாஷ்போர்டில் (சேவையின் நிலையைக் காட்டும் திரையில்) ஓடுவது சராசரி நேரத்தின் ஒற்றைக் கோடுதான். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் புகார் மேல் புகார் வந்தது. கோடு அசையவே இல்லை. ‘எல்லாம் பச்சையாகத்தானே இருக்கு’ என்று புகார்களை மூடினார்கள். சரி என்று, ஒவ்வொரு கோரிக்கையும் எடுத்துக்கொண்ட நேரத்தை ஹீட்மேப்பாக, அதாவது எவ்வளவு நேரத்தில் எத்தனை கோரிக்கைகள் முடிந்தன என்று நிற அடர்த்தியில் காட்டும் படமாக, வரைந்தோம். கீழே, சீக்கிரம் முடிந்தவற்றின் தடித்த பட்டை, எதிர்பார்த்ததுதான். மேலே, சரியாக 5 விநாடியில், மெல்லிசாக இன்னொரு பட்டை நாள் முழுக்க ஓடியது! 5 விநாடி என்றதும் எங்கள் தொழிலில் சந்தேகம் டி.என்.எஸ். மேல்தான், அதாவது ஒரு சர்வரின் பெயரைக் கொடுத்தால் அதன் முகவரியைத் தேடித் தரும் ஏற்பாட்டின் மேல்தான், விழும். பெயர் தேடும் கேள்விக்குப் பதில் வராவிட்டால், அமைப்பை மாற்றாதவரை, லினக்ஸ் இயங்குதளம் 5 விநாடி காத்திருந்துதான் மறுபடி கேட்கும். அப்புறம் அந்தப் பட்டையிலிருந்த கோரிக்கைகளின் டிரேஸ்களை, அதாவது ஒவ்வொன்றும் எந்தச் சேவையில் எவ்வளவு நேரம் இருந்தது என்ற பதிவுகளை, யேகர் என்ற கருவியில் திறந்தால், எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் அதே நீள வெற்றிடம். வழியில் தொலைந்த டி.என்.எஸ். பாக்கெட்டுகளே (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டுகளே) காரணம்.

அந்த மெல்லிய பட்டையில் இருந்தவர்கள் மனிதர்கள். கே.ஆர். மார்க்கெட்டில் பூ வாங்கி ஸ்கேன் செய்துவிட்டு, பணம் போச்சா இல்லையா என்று தெரியாமல் கடைக்காரம்மாவின் முகத்தைப் பார்த்து நிற்கிறவர்கள். அவர்களைக் கண்ணிலேயே காட்டாத படத்தை வைத்துக்கொண்டு ‘சேவை சீராக உள்ளது’ என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. கருவிக்குச் செலவாகும் என்ற சாக்கும் செல்லாது. இப்படித் தேடிப் பார்க்க உதவும் ஓப்பன்டெலிமெட்ரி, யேகர், கிராஃபனா மூன்றுமே திறந்த மூல மென்பொருள்கள்; காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம்.

தங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘சராசரி வேகம் இயல்பாகவே இருந்தது’ என்று ஒரு நிறுவனம் அறிக்கை விட்டால், நூறு பேரில் கடைசி ஆள் எத்தனை விநாடி காத்திருந்தார் என்று கேளுங்கள். அந்த எண்ணையும் சேர்த்தே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
அல்சூர், பெங்களூரு