ஆறு காட்டன் பனியன்

அம்மணிக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் உங்கம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள், அதனால்தான் காகிதம். பார்சல் ஒன்று அனுப்பியிருக்கிறேன். பருப்புப் பொடி, கடலை உருண்டை, அப்புறம் ஆறு பனியன். திருப்பூரில் உன் மாமனிடம் சொல்லி வாங்கியது, சுத்தக் காட்டன். வாங்கியும் சந்தேகம் தீரவில்லை. ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். காகிதம் எரிகிற வாடை, ஊதினால் பறக்கிற சாம்பல். நல்ல நூல். உங்கம்மாவின் பாலியஸ்டர் சேலை நூலையும் காட்டிப் பார்த்தேன். அது உருகி, கறுப்பு மணி மாதிரி உருண்டு விரலில் ஒட்டிக்கொண்டது. இரண்டு நாள் எரிச்சல். ஆகவே உள்ளே காட்டனே போடு. நைலான், பாலியஸ்டர் எதுவும் வேண்டாம், சாக்ஸ்கூட. அந்த ஜெர்மனிக் குளிரில் காட்டன் எதற்கு என்பாய். சொன்னதைப் போடு.

செவலை கன்று போட்டிருக்கிறது, கிடாரி. தென்னைக்கு வெள்ளை ஈ இன்னும் விடவில்லை. மற்றபடி சௌக்கியம்.

சரி, எதற்குச் சுற்றி வளைத்துக்கொண்டு. பேரன் சொல்லிவிட்டான். போன ஞாயிறு நீ போனை அவனிடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாயல்லவா, அப்போதுதான். "அப்புச்சி, ராத்திரி அம்மாவோட பெட்டி கத்துச்சு, அம்மா ஓடிப்போயிருச்சு, காலையில புகை வாசமா வந்துச்சு" என்றான். மறுநாள் மாப்பிள்ளையைத் தனியாகப் பிடித்தேன். அவர் மறைக்கவில்லை. அந்தப் பெட்டிக்குப் பேஜர் என்று பேராம். ஜெர்மனியில் பெரிய நகரங்களில்தான் சம்பளத்துக்குத் தீயணைக்கிற ஆள்களாம், மற்ற ஊர்களில் ஊர்க்காரர்களே பழகிக்கொண்டு போவார்களாம், நாடு முழுக்க 10 லட்சம் பேர் அளவுக்கு இப்படி இருக்கிறார்களாம். வேலை நேரத்தில் அழைப்பு வந்தாலும் முதலாளி விட்டாக வேண்டுமாம், சட்டமே அப்படியாம். உங்கள் ஊரில் தச்சர், பேக்கரிக்காரர், பள்ளிக்கூட டீச்சர், அவர்களோடு என் மகள். பத்து மாதமாக. வாராவாரம் பேசுகிறாய், அங்கே வெண்டைக்காய் என்ன விலை என்பது வரைக்கும் சொல்கிறாய், இதை மட்டும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை ஒரு போட்டோவும் அனுப்பினார். சிவப்பு வண்டி பக்கத்தில் ஹெல்மெட்டோடு நிற்கிறாய். உங்கம்மாவிடம் காட்டவில்லை. கிணற்றடிக்குப் போய் நான் மட்டும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். கோயம்புத்தூரில் பல்லியைப் பார்த்து அலறி ஹாஸ்டலையே எழுப்பின பிள்ளையா இது! ஆண் வாரிசு இல்லையே என்று எனக்காக வருத்தப்பட்டார்களே, அவர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டிக் காட்ட வேண்டும் போல இருக்கிறது. உடனே கோபமும் வருகிறது. பால்குடி மறந்து இரண்டு வருசம் ஆகாத பிள்ளையை விட்டுவிட்டு நடுராத்திரி நெருப்புக்குள் போவதற்கா அவ்வளவு தூரம் கட்டிக்கொடுத்தேன்?

வேண்டாத செய்தியெல்லாம் இப்போதுதான் கண்ணில் படுகிறது. ஏப்ரல் 14-ல் தீயணைப்பு வாரம் தொடங்குவது எதற்கு என்று பேப்பரில் போட்டிருந்தான். 1944-ல் அன்றைக்குத்தான் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து, அணைக்கப் போனவர்கள் 60 பேருக்கு மேல் செத்தார்களாம். நமக்கு அது சித்திரைக்கனி, கண்ணாடி முன் பழம் வைத்துக் கண் விழிக்கிற நாள். 2012-ல் சென்னை எழிலகம் எரிந்தபோது பிரியா ரவிச்சந்திரன் என்ற அதிகாரி தீக்காயம் பட்டார். அன்றைக்கும் படித்தேன். படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தண்ணீர் கட்டப் போனேன்.

காற்று எப்போதும் முதுகில் படுகிற மாதிரி நில். வைக்கோல் போரை நம்பாதே. நம்ம பக்கம் நார் மில்லில் பார்த்திருக்கிறாய், நார்த்தூள் மேலே கறுத்து அணைந்தது போலக் கிடக்கும், உள்ளுக்குள் நாள் கணக்கில் கனியும். காலை வைத்தால் முழங்கால் வரைக்கும் இறங்கிவிடும். அங்கேயும் வைக்கோலை உருளை உருளையாகக் கட்டி அடுக்குகிறார்கள் என்றார் மாப்பிள்ளை. மேலே ஏறாதே. காட்டன் போடு.

நம்மூரிலும் இந்த வேலை நடக்காமல் இல்லை, பேரும் யூனிபாரமும்தான் கிடையாது. 101-க்குச் சொல்லிவிட்டு, டவுனிலிருந்து வண்டி வருகிற வரைக்கும் கோயில் மைக்கில் ஆள் கூப்பிடுவார்கள். போன பங்குனியில் ஆடுமாடு மேய்கிற கொறங்காடு தீப்பிடித்துக்கொண்டது. கொழுக்கட்டைப் புல் சருகாய்க் கிடந்தது, கிளுவை வேலியைத் தாண்டினால் ஆட்டுப்பட்டி. இருபது பையன்கள், ஆளுக்கொரு வேப்பங்கொத்து, மருந்தடிக்கிற ஸ்பிரேயர் நாலு, ஒரு டிராக்டர் டேங்கர். டேங்கரை நம்ம கிணற்றில்தான் ரொப்பினார்கள். ஸ்டார்டர் பெட்டியைத் திறந்தேன். மூன்று லைட்டும் எரிந்தது. பட்டனை அமுக்க முடியாமல் கை நடுங்கியது. வெயில் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன், பக்கத்திலிருந்த பையன்தான் போட்டான்.

உனக்கு ஞாபகம் இருக்கும். 1998 சித்திரை. இட்டேரிப் பாதைத் தகராறில் பெரியப்பனும் நானும் பேச்சை நிறுத்தியிருந்த வருசம். ராத்திரி முறைக் கரண்ட்டுக்காக மோட்டார் ரூமில் காத்திருந்தோம், டார்ச் பிடிக்க நீ வந்திருந்தாய். மேற்கே பெரியப்பன் தோட்டத்துச் சாளை வீடு எரிகிற வெளிச்சம் தெரிந்தது. பெரியப்பன் வரப்பில் விழுந்தெழுந்து ஓடிவந்து, "தம்பி, மோட்டாரைப் போடு" என்றார். ஒன்றரை வருசத்துக்கு அப்புறம் என்னிடம் பேசின முதல் பேச்சு அது. "மும்முனைக் கரண்ட் இன்னும் வரலை" என்று சொல்லிவிட்டேன். சொல்லிக்கொண்டே பெட்டிக் கதவைச் சாத்தினேன். மூன்று லைட்டும் எரிந்தால்தான் மோட்டார் ஓடும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். நீ பெட்டியைப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். பத்து வயசு உனக்கு.

சாளை, தட்டுப்போர், கட்டுத்தறியில் இருந்த இரண்டு வெள்ளாடு, ஒரு கன்று. தொட்டியில் இருந்ததைக் குடம் குடமாக ஊற்றினார்கள், எந்த மூலைக்குக் காணும்? அடுத்த மாசியில் சமாதானம் ஆனது. உன் கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் நட்டதும் அவர்தான். இன்று வரைக்கும் அவருக்குத் தெரியாது. நீயும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. பெட்டி கத்தினால் அம்மா ஓடுகிறது என்று பேரன் சொன்னபோது எனக்கு நம்ம பெட்டிதான் கண்ணுக்குள் வந்தது.

போகாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எந்த வாயால் சொல்ல? பெரியப்பனிடம் சொல்லிவிட வேண்டும் என்று பங்குனியிலிருந்து நினைக்கிறேன். அவருக்குக் காது மந்தமாகிவிட்டது, கத்திச் சொன்னால்தான் கேட்கும், கத்தினால் ஊருக்கே கேட்கும். அதற்கும் பயந்துகொண்டு தள்ளிப்போடுகிறேன்.

பனியனைத் துவைத்துவிட்டுப் போடு, கஞ்சி இருக்கும். அடுத்த தடவை அந்தப் பெட்டி கத்தி நீ போனால், வீடு திரும்பினதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. இங்கே எத்தனை மணியானாலும் சரி. நான் எடுக்க மாட்டேன், உங்கம்மா விழித்துக்கொள்வாள். போன் தலையணைக்குக் கீழேதான் இருக்கும்.

அப்பா