காலிமனைகளும் குலுக்கலும்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "நகரம் என்ன சோதனைக்கூடமா, ஒரு தெருவுக்கு மருந்தும் மறுதெருவுக்கு வெறும் தண்ணீரும் கொடுத்துப் பார்க்க?" என்று கேட்டிருக்கிறாய். நகரத்திலும் அப்படிச் சோதிக்க முடியும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் நடந்த ஆய்வையே சொல்வேன். இப்போது வகுப்பில் அதைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

அந்நகரில் ஆயிரக்கணக்கான காலிமனைகள் குப்பையும் புதருமாகக் கிடந்தன. அவற்றில் 541 மனைகளை ஆய்வாளர்கள் தேர்ந்து, அருகருகே இருப்பவற்றைச் சேர்த்து 110 தொகுதிகளாக்கி, குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். முதல் வகையில் குப்பையை அகற்றி, நிலத்தைச் சமன்செய்து, புல்லும் சில மரங்களும் நட்டு, ஆட்கள் உள்ளே போய்வர வழிவிட்டுத் தாழ்வான மரவேலி போட்டார்கள். இரண்டாம் வகையில் குப்பை அகற்றலும் புல் வெட்டலும் மட்டும். மூன்றாம் வகையைத் தொடவே இல்லை.

முடிவுகள் 2018-இல் வெளியாயின. வறுமைக்கோட்டுக்குக் கீழிருந்த பகுதிகளில், சீரமைத்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29% குறைந்திருந்தது. அக்கம்பக்கத்தில் வசித்த 442 பேரை முதலில் பேட்டி கண்டு, அவர்களில் 342 பேரைப் பின்னர் மறுபடியும் கண்டதில், தொடாத மனைகளோடு ஒப்பிட, பசுமையாக்கிய மனைகளின் அருகே மனச்சோர்வாக உணர்வதாகச் சொல்வது 41.5% குறைந்தது; குப்பையை மட்டும் அகற்றிய இடங்களில் மனநலத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. சுத்தம் செய்தாலே போதும் என்று இத்தனை காலம் நம்பியிருந்த என்னை இந்த ஒரு செய்தி உலுக்கிவிட்டது.

குலுக்கல் எதற்கு என்பாய். நான் பணியிலிருந்தபோது, மனு மேல் மனு கொடுத்த ஒரு குடியிருப்பில் தெருவிளக்குகள் போட்டோம். திருட்டு குறைந்தது என்று அறிக்கையும் எழுதினோம். அதே மாதங்களில் விளக்குப் போடாத பக்கத்துத் தெருக்களிலும் திருட்டு குறைந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. அந்த அறிக்கையில் என் கையெழுத்தும் இருக்கிறது என்பது இன்றும் உறுத்துகிறது. விடாமல் மனு கொடுக்கும் மக்கள் இருக்கும் இடம் தானாகவே சீராகிக்கொண்டிருக்கலாம். அதை விளக்கின் பலன் என்று எப்படிச் சொல்வது?

தொடாமல் விட்ட மனைகளின் அருகே வாழ்ந்தவர்களுக்கு அநீதி இல்லையா என்று நீ கேட்டால், அது நியாயமானதே. ஆனால் எல்லா மனைகளுக்கும் ஒரே நேரத்தில் பணம் கிடைப்பதில்லை. செல்வாக்குள்ளவர் தெருவுக்கு முதலில் என்பதைவிடக் குலுக்கல் எவ்வளவோ மேல். மெட்ரோ பாதையை இப்படிச் சோதிக்க முடியாதுதான்; விளக்கு, நடைபாதை, பூங்கா ஆகியவற்றுக்கு முடியும்.

உங்கள் நகராட்சி பூங்காக்களைக் கட்டங்கட்டமாகச் சீரமைக்கப் போவதாக எழுதியிருந்தாய். எது முதலில் என்று முடிவாகிவிட்டதா? இல்லையென்றால் உடனே எழுது. குலுக்கல் பட்டியலை நானே தயாரித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்