பாப்பாவுக்கு, கடலூரிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பாவும் நானும் நலம். நேரத்துக்குச் சாப்பிடு. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் இந்த வருஷமும் நல்ல கூட்டம். மற்றபடி ஊரில் விசேஷம் எதுவும் இல்லை.

உன் ஆராய்ச்சியில் வரும் நிக்கல் சேர்மம் தளசதுரமாக, நான்கு மூலையும் ஒரே தளத்தில் படுத்த மாதிரி இருக்க வேண்டும், ஆனால் காந்த அளவீட்டில் இணையாத எலக்ட்ரான் காட்டுகிறது என்று அப்பாவிடம் சொன்னாயாம். அதை என்னிடம் சொல்ல என்ன தயக்கம்? ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு அணைவுச் சேர்மங்கள் நடத்தியே ஓய்வு பெற்றவள் நான்.

இரண்டு எலக்ட்ரான் இழந்த நிக்கல் அயனியில் 8 டி எலக்ட்ரான்கள். சயனைடு நான்கு வந்து சேர்ந்தால் எல்லாம் இணைந்து தளசதுரம். குளோரைடு நான்கு வந்தால் இரண்டு இணையாமல் நிற்கும், வடிவமும் நான்முகி. உன் ஈனி, அதாவது நிக்கலைச் சுற்றி ஒட்டுகிற மூலக்கூறு, பருமனானது என்று முன்பு சொன்னாயே, அந்தப் பெரிய தொகுதிகள் ஒரே தளத்தில் இடம் போதாமல் நான்முகிப் பக்கம் சாய்ந்திருக்கலாம். இல்லாவிட்டால் பிரிடின் மாதிரி கரைப்பான் மேலும் கீழும் ஒட்டி எண்முகியாக்கியிருக்கலாம். அதிலும் இரண்டு இணையாமல்தான் நிற்கும். உன் அளவீட்டில் காந்தத் திருப்புத்திறன், போர் மேக்னட்டான் அலகில், 3ஐ ஒட்டி வந்தால் எண்முகியைச் சந்தேகப்படு, 3.5ஐத் தாண்டினால் நான்முகியை. கரைப்பானை மாற்றிப் பார். ராத்திரி முழுக்க ஆய்வகத்தில் உட்காராதே, சாப்பிட்டுவிட்டுப் போ.

வேதியியலாளர் வெர்னர் 1893இல், 26 வயதில், கோபால்ட் அணைவுகளுக்கு எண்முகி வடிவம் சொன்னார். அந்தக் காலத்து இன்னொரு வேதியியலாளர் யோர்கென்சன் ஒத்துக்கொள்ளவில்லை. அதை நிரூபிக்க, இடது கை வலது கை மாதிரி இருக்கும் ஒளிசுழற்சி மாற்றியங்களைப் பிரித்துக் காட்ட 1911 ஆகிவிட்டது. உனக்கு ஆராய்ச்சியில் மூன்றாவது வருஷம்தானே நடக்கிறது?

உன் பெயர் வந்த கட்டுரையை அப்பா பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவ்வளவு எழுதுகிறவள் பெற்றவளுக்கு 'நல்லா இருக்கேன்' என்று ஒரே வரி அனுப்பினால் போதுமா? போட்டோவில் கன்னம் ஒட்டிக் கிடக்கிறது. நான் எதையும் கேட்கவில்லை. கொஞ்ச நாள் வீட்டில் இருக்கத் தோன்றினால் வா, காரணம் சொல்ல வேண்டாம். திரும்பிப் போவதைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பண்ருட்டி முந்திரி அனுப்பியிருக்கிறேன். தோழிகளுக்கே கொடுத்துத் தீர்த்துவிடாமல் நீயும் சாப்பிடு. எந்தக் கரைப்பானில் படிகமாக்கினாய் என்று ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணிச் சொல். அப்பா போனுக்கு வேண்டாம், என் போனுக்கே பண்ணு.

அன்புடன்,
அம்மா